மனைப்பிரிவில் ரோடு, வடிகால், தண்ணீர், கரண்ட்: புரமோட்டர் செய்து தர வேண்டியது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மனை வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்கிவிட்டு ரோடு வராமல் தவிக்கிறவர்களுக்கும் இந்தப் பக்கம். முதல்முறையாக லேஅவுட் போடும் சிறிய புரமோட்டர்களுக்கும் இதில் உள்ள கணக்குகள் உதவும்.

"அப்ரூவ்டு லேஅவுட்" என்றால் எல்லா வசதியும் இருக்கும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும், சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் ஒப்புதல் கொடுப்பது வரைபடத்துக்கு. மனை எத்தனை, ரோடு எத்தனை அடி, பூங்கா எங்கே, நிலம் குடியிருப்பு மண்டலத்தில் வருகிறதா, பொதுச் சாலையிலிருந்து வழி உண்டா என்பதையெல்லாம் பார்த்துக் கையெழுத்தாகிறது. அந்த ரோட்டில் ஜல்லி எத்தனை அங்குலம், வடிகால் எந்தப் பக்கம் சரிகிறது, தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது.

அதனால் விற்பவரிடம் இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒப்புதல் எண் என்ன? வேலை எதுவரை முடிந்திருக்கிறது? முதல் கேள்விக்குப் பதில் வந்ததும் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

சட்டப்படி எதெல்லாம் புரமோட்டரின் பொறுப்பு?

நிலத்தைக் கட்டட மனையாகப் பிரித்து விற்பவர் தெருவையும் அமைத்துத் தர வேண்டும் என்பது புதிய விதி இல்லை. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே அது இருந்தது. இன்று வாங்குபவரின் கையில் இருக்கும் பலமான ஆயுதம் 2016இல் வந்த ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 'உள் மேம்பாட்டு வேலைகள்' எவை என்று அது பட்டியலே போடுகிறது: ரோடு, நடைபாதை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், வடிகால், பூங்கா, மரம் நடுதல், தெருவிளக்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, குப்பை மேலாண்மை, நீர்ச் சேமிப்பு, தீத்தடுப்பு. மொத்த நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலே மனைப்பிரிவு ரெராவில் பதிவாக வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது 12 சென்ட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே "இது சின்ன லேஅவுட், ரெரா தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நிலத்தின் அளவைக் கேளுங்கள்.

வாங்குபவர்களிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் அந்த லேஅவுட்டின் வேலைக்கும் மட்டுமே எடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஒரு லேஅவுட்டில் வந்த பணத்தை அடுத்த ஊரில் நிலம் வாங்கப் போடுவதால்தான் ரோடு பாதியில் நிற்கிறது.

மொத்த நிலத்தில் எவ்வளவு பொதுவுக்குப் போகும்?

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்குக் கணக்குச் சொல்கின்றன. 5 ஏக்கர், அதாவது 500 சென்ட் லேஅவுட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரோட்டுக்கு ஏறக்குறைய கால் பங்கு, 125 சென்ட் போனால் மீதி 375. அதில் 10 சதவீதம், 37½ சென்ட், பூங்கா போன்ற திறந்தவெளிக்கு. இதைத்தான் ஓ.எஸ்.ஆர். இடம் என்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுக்கு இன்னும் ஒரு சதவீதம், 3¾ சென்ட். அதில் பாதி உள்ளாட்சிக்கு, பாதி டிரான்ஸ்பார்மர் போன்றவை வைக்க மின்வாரியத்துக்கு.

நிலம் 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஓ.எஸ்.ஆர். கிடையாது. 3,000 முதல் 10,000 வரை இடமாகவும் தரலாம், வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் இடமாகத்தான் தர வேண்டும். பூங்கா இல்லாத சின்ன லேஅவுட்டைப் பார்த்ததும் மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் பூங்கா இல்லையென்றால் கட்டாயம் கேள்வி கேளுங்கள்.

ரோட்டுக்கும் பூங்காவுக்கும் தானப் பத்திரம் ஆகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

வரைபடம் ஏறக்குறைய சரியானதும், ரோட்டையும் பூங்காவையும் தரையில் கல் நட்டுப் பிரித்துக் காட்டி, அவற்றைப் பொதுவுக்குத் தானமாகப் பதிந்த பிறகே இறுதி ஒப்புதல் வரும். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், கிராமப் பகுதி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் பெயரில் பத்திரம் இருக்கும். இப்படித் தானமாகக் கேட்பது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓ.எஸ்.ஆர். விதி செல்லும் என்று 2023இல் தீர்ப்பாகிவிட்டது.

சிக்கல் பத்திரத்துக்குப் பிறகுதான் வருகிறது. பத்திரம் பதிவாகும், பட்டா மாறாது. பூங்கா இடம் வருவாய்க் கணக்கில் பழைய சொந்தக்காரர் பேரிலேயே கிடக்கும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வாரிசுகள் வந்து, "எங்கள் பட்டாவில் இருக்கிறது" என்று வேலி போடுவார்கள், அல்லது மனையாக்கி விற்றுவிடுவார்கள்.

பார்க்கும் முறை இது. ஒப்புதல் வரைபடத்தின் ஓரத்தில் உள்ள சர்வே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த எண்களுக்கு வில்லங்கம் பாருங்கள், காசில்லாமல் பார்க்கலாம். உள்ளாட்சிக்குச் சாதகமான தானப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் அதில் வர வேண்டும். பத்திர நகலை வாங்கிச் சொத்து விவரத்தில் எல்லா ரோடும் வந்திருக்கிறதா என்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு அ-பதிவேட்டில், அதாவது வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேட்டில், ரோடும் பூங்காவும் தனி உட்பிரிவாகப் பிரிந்து உள்ளாட்சிக் கணக்குக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். குடியிருப்போர் சங்கம் அமைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

அணுகுசாலையை மறந்துவிடாதீர்கள். உள் ரோடுகள் எல்லாம் தானமாகியிருக்கும். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும் 100 மீட்டர் மட்டும் பக்கத்து நிலக்காரரின் பட்டாவில், வாய்ப்பேச்சில் ஓடிக்கொண்டிருக்கும்.

வேலைகள் எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

தரைக்குக் கீழே போவதெல்லாம் முதலில், தார் கடைசியில். இதை மாற்றிச் செய்வதால்தான் தமிழ்நாட்டு லேஅவுட் ரோடுகள் இரண்டு மழைக்குள் குழியாகின்றன.

முதலில் நிலம் முழுக்க லெவல் எடுத்து, தண்ணீர் எந்த மூலையில் வெளியேறும் என்று முடிவு செய்ய வேண்டும். அடுத்து மண் நிரவுதல், வாய்க்கால் குறுக்கே கல்வெர்ட் எனப்படும் சிறு பாலம். பிறகு ஆழத்தில் போகும் கழிவுநீர்க் குழாய், அதற்கு மேலே குடிநீர்க் குழாய். இரண்டும் பக்கம் பக்கமாக ஓடினால் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் குடிநீர்க் குழாய் அரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும். குழாய்க்குள் அழுத்தம் ஏற்றி ஒழுக்குச் சோதித்த பிறகே மண் மூட வேண்டும். அதன் பிறகு வடிகால், மின்கம்பம், ரோட்டின் அடித்தளம், கடைசியாகத் தார்.

இதில் யாரும் செலவு செய்ய விரும்பாத, ஆனால் மிக மலிவான ஒரு வேலை உண்டு. இரண்டு மனைக்கு ஒன்று வீதம் ரோட்டின் குறுக்கே 110 அல்லது 160 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை வெறுமனே புதைத்து, இரண்டு முனையையும் மூடிபோட்டு, மேலே ஒரு அடையாளக் கல் வைத்துவிடுவது. நாளைக்கு வீடு கட்டுகிறவர் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீரோ கேபிளோ இழுக்க ரோட்டை வெட்ட வேண்டியதில்லை. அந்தக் குழாய் இல்லாத தெருவில் 40 வீடு வந்தால் 40 வெட்டு விழும். வெட்டிய பள்ளத்தை மண்ணைத் தள்ளி மூடுவார்கள், 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு இடிக்க மாட்டார்கள். மழை பெய்ததும் அந்தக் கோட்டில் ரோடு உள்வாங்கும்.

நல்ல தார் ரோட்டில் என்னென்ன அடுக்கு இருக்க வேண்டும்?

குடியிருப்புத் தெருவுக்குப் பழக்கத்தில் உள்ள அமைப்பு இது, கீழிருந்து மேலே:

புல், வேர், மேல்மண் நீக்கி, ஈரம் காட்டி ரோலர் ஓட்டிய தரை.
ஜி.எஸ்.பி. எனப்படும் கிராவல்–ஜல்லிக் கலவை, இறுகிய பின் 150 மி.மீ.
பெரிய ஜல்லி அடுக்கு 75 மி.மீ., அதன்மேல் நடுத்தர ஜல்லி அடுக்கு 75 மி.மீ. இதற்குப் பதிலாக வெட்மிக்ஸ் எனப்படும், தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவையும் போடலாம்.
ஜல்லிமேல் தார்க் குழம்பு தெளித்து, அதன்மேல் 30 மி.மீ. தார்க்கலவை.

'இறுகிய பின்' என்ற சொல்லைக் கவனியுங்கள். டிப்பரில் வந்து கொட்டிய உயரம் ரோலர் ஓடியதும் கிட்டத்தட்டக் கால் பங்கு குறையும். கொட்டிய உயரத்தை அளந்து 150 என்று பில் போடுவது பழைய வழக்கம்.

நடுவில் உயர்ந்து ஓரங்களுக்குச் சரியும் அமைப்பு கட்டாயம். ஒரு மீட்டருக்கு 2 முதல் 2½ சென்டிமீட்டர் சரிவு. 5.5 மீட்டர் தார்ப்பரப்பில் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் போல உயர்ந்திருக்கும். தட்டையாகப் போட்ட ரோட்டில் தண்ணீர் நிற்கும். தாருக்கு எமன் தேங்கிய தண்ணீர்தான், வண்டி அதற்கு அப்புறம்.

தார்க்கலவை சூட்டோடு வந்து சூட்டோடு உருட்டப்பட வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு ரோலர் ஓட்டினால் மேலே வழவழப்பாகத் தெரியும், உள்ளே இறுகியிருக்காது. ஆலையிலிருந்து லாரி வர நேரமாகும் ஊர்களில் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தார்களா என்று பாருங்கள்.

எங்கள் பக்கம் கரிசல் மண். ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஆமாம், அடித்தரையை. கரிசல் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே எவ்வளவு நல்ல ஜல்லி போட்டாலும் கீழே தரை ஏறி இறங்கினால் ரோடு நீளவாக்கில் பிளக்கும். கோயம்புத்தூர், விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களில் ரோட்டோரமாக ஓடும் நீண்ட விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கரிசலை வெட்டியெடுத்து, ஊதாத கிராவலை 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிரப்பிய பிறகே மேலே சொன்ன அடுக்குகள். சின்ன புரமோட்டருக்கு இது கனமான செலவு என்பது உண்மை. அப்படியானால் விலை பேசும்போதே அதைக் கணக்கில் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இன்ஜினியர் இல்லாமல் நாங்களே ரோட்டைச் சோதிக்க முடியுமா?

முடியும். ஒரு கடப்பாரை, ஒரு டேப், அனுமதி. தார்ப்பரப்பின் ஓரத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி குழி வெட்டுங்கள். தார் 3 சென்டிமீட்டர், கீழே ஜல்லி 15, அதற்குக் கீழே ஜி.எஸ்.பி. 15 என்று குழியின் சுவரில் அடுக்கு அடுக்காகத் தெரிய வேண்டும். கடப்பாரை இரண்டே குத்தில் செம்மண்ணுக்குப் போய்விட்டால், அது ஜல்லி தூவித் தார் பூசிய தரை.

வேலை நடக்கும்போதே அந்தப் பக்கம் போனால் இன்னும் எளிது, டிப்பர் லாரி எத்தனை நடை வருகிறது என்று எண்ணலாம். 100 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் இறுகிய அளவு 82½ கன மீட்டர். தளர்வாகக் கொட்டும்போது 105 கன மீட்டர் வேண்டும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 37 யூனிட். 3 யூனிட் டிப்பர் என்றால் ஜி.எஸ்.பி. அடுக்குக்கு மட்டும் 12, 13 நடை வந்திருக்க வேண்டும். ஐந்து நடையில் 100 மீட்டர் முடிந்துவிட்டதென்றால் அடுக்கு பாதிகூட இல்லை.

தாரா, கான்கிரீட்டா, பேவர் கல்லா?

தண்ணீர் தேங்க வாய்ப்புள்ள தாழ்வான இடத்துக்குக் கான்கிரீட். வீடுகள் கட்டி முடியாத, இன்னும் வெட்டு விழப்போகிற தெருவுக்குப் பேவர் கல் நல்லது, எடுத்துவிட்டு மறுபடி பதிக்கலாம். ஆனால் வண்டி போகும் தெருவுக்கு 80 மி.மீ. கல் நல்லது, 60 மி.மீ. நடைபாதை போன்ற இடங்களுக்குப் போதும். கான்கிரீட் போட்டால் 4 மீட்டருக்கு ஒரு வெட்டுக்கோடு, போட்ட ஒரு நாளுக்குள். இரண்டு வாரம் ஈரச் சாக்கு. வெட்டுக்கோடு போடாத கான்கிரீட் தன்னிஷ்டத்துக்கு ஒரு இடத்தில் பிளந்துகொள்ளும்.

வடிகால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

வாங்குகிறவர்கள் கேட்கவே கேட்காத கேள்வி இது. வெள்ளம் வரும் லேஅவுட்டையும் வராத லேஅவுட்டையும் பிரிப்பது இதுதான்.

5 ஏக்கர், அதாவது 2 ஹெக்டேர். வீடுகள் எழும்பிய பிறகு பெய்யும் மழையில் 60 சதவீதம் ஓடிவரும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 மி.மீ. மழை, ஐப்பசி–கார்த்திகையில் நாம் பார்க்கிற மழைதான். 0.6ஐ 60ஆலும் 2ஆலும் பெருக்கி, அலகு மாற்ற 360ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.2 கன மீட்டர், அதாவது 200 லிட்டர். வெளியேறும் மூலையில் உள்ள வடிகால் விநாடிக்கு 200 லிட்டரைத் தாங்க வேண்டும்.

இப்போது வடிகாலைப் பாருங்கள். பல லேஅவுட்டுகளில் கட்டும் ஓரடிக்கு ஓரடி, அதாவது 300க்கு 300 மி.மீ. கால்வாய், 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில் விளிம்புவரை ஓடினாலும் 75 லிட்டர்தான் எடுக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 450க்கு 450 மி.மீ. என்றால் அதே சரிவில் 220 லிட்டர். அகலமும் ஆழமும் அரை அடி கூடினால் கொள்ளளவு மூன்று மடங்காகிறது. தொடக்கத் தெருக்களில் சின்ன கால்வாய் போதும், வெளியேறும் பக்கம் வர வர அளவு கூட வேண்டும். முழு லேஅவுட்டிலும் ஒரே அளவில் கால்வாய் ஓடுகிறதென்றால் கணக்குப் போடாமல் கட்டியது என்று பொருள்.

சரிவு இல்லையென்றால் மேலே சொன்ன எந்த எண்ணும் நிற்காது. கால்வாய்க்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

கால்வாயின் விளிம்பு ரோட்டைவிட உயரமாக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. ரோட்டில் தண்ணீர், பக்கத்தில் காய்ந்த கால்வாய் என்ற காட்சி இதனால்தான். மூடி சிலாப்புகளைத் தூக்கி எடுக்கும்படி போட வேண்டும், சேர்த்துக் கான்கிரீட் கொட்டிவிட்டால் தூர் வார முடியாது. வீடு கட்டுகிறவர்கள் கேட்டுக்குச் சாய்தளம் போடும்போது கால்வாயை அடைத்துவிடுவதும் உண்டு. அதைச் சங்கம்தான் ஆரம்பத்திலேயே தடுக்க வேண்டும்.

வடிகால் தண்ணீர் கடைசியில் எங்கே போக வேண்டும்?

அரசு வாய்க்காலுக்கோ ஓடைக்கோ ஏரிக்கோ, உள்ளாட்சியின் பெரிய வடிகாலுக்கோ. லேஅவுட் எல்லையோடு கால்வாய் முடிந்து பக்கத்து வயலில் கொட்டுகிறதென்றால் அந்த ஏற்பாடு பக்கத்து நிலக்காரர் மதில் கட்டும் நாள் வரைதான். மதில் கட்டிய அன்றே தண்ணீர் உங்கள் பக்கம் திரும்பும்.

நீர்நிலை அருகில் உள்ள நிலத்துக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். தரையை எந்த மட்டம்வரை உயர்த்த வேண்டும், வாய்க்கால் குறுக்கே எந்த அளவில் கல்வெர்ட் வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே நிபந்தனை எழுதியிருப்பார்கள். கடிதத்தின் முதல் பக்கத்தைக் காட்டினால் போதாது, நிபந்தனைப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். புல வரைபடத்தில் ஓடை, வண்டிப்பாதை, வாய்க்கால் ஓடுகிறதா என்று நீங்களே பாருங்கள். வரைபடத்தில் வாய்க்கால் இருந்து தரையில் ரோடு இருந்தால், அந்த வாய்க்கால் பெருமழையில் தன் வழியைத் தேடி வரும். 2015 டிசம்பரில் அடையாற்றோரம் முடிச்சூர், வரதராஜபுரத்துக் குடியிருப்புகள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது.

தண்ணீருக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?

நகர்ப்புறத்தில் கழிவுநீர் இணைப்பும் இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. கிராமப்புற ஜல் ஜீவன் கணக்கு 55 லிட்டர். 100 மனை, வீட்டுக்கு நாலரைப் பேர் என்றால் நகர்க் கணக்கில் 60,000 லிட்டர் சொச்சம். 10,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு 'ஓவர்ஹெட் டேங்க் வசதி' என்று விளம்பரம் போட்டால் அது மனைக்கு 100 லிட்டர், ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக்கு.

தொட்டியைவிட முக்கியம் ஊற்று. ஆழ்துளைக் கிணற்றின் நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

பாதாளச் சாக்கடை இல்லாத பகுதி. செப்டிக் டேங்க் போதாதா?

மனையின் அளவைப் பொறுத்தது. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது தர விதி. 30க்கு 40 அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடி, 15 மீட்டர்தான். ஆக அந்த மனைக்குள் சொந்த போரும் சொந்த உறிஞ்சு குழியும் ஒன்றாக இருக்கவே முடியாது. உங்கள் மனையில் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போருக்கு அருகில் வரும். இரண்டரை சென்ட், மூன்று சென்ட் மனைகளாகப் பிரிக்கும் லேஅவுட்டில் பொதுக் குடிநீரோ, பொதுக் கழிவுநீர்க் குழாயோ இரண்டில் ஒன்றாவது கட்டாயம் வேண்டும். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் என்பதால் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மின்சாரம் புரமோட்டர் வேலையா, மின்வாரிய வேலையா?

லைன் இழுத்து டிரான்ஸ்பார்மர் வைப்பது மின் பகிர்மானக் கழகம், செலவு புரமோட்டருடையது. வாரியம் மதிப்பீடு போட்டு, பணம் கட்டிய பிறகு வேலை நடக்கும். இதை டி.சி.டபிள்யூ. என்பார்கள். அந்த மதிப்பீட்டு நகலும் பணம் கட்டிய ரசீதும் இருந்தால் கரண்ட் வரும், "அப்ளை பண்ணியிருக்கிறோம்" என்ற சொல்லுக்கு எடை இல்லை.

100 வீடு, வீட்டுக்கு 5 கிலோவாட், ஒரே நேரத்தில் 40 சதவீதம் ஓடும் என்று வைத்தால் 200 கிலோவாட். 250 கே.வி.ஏ. (டிரான்ஸ்பார்மரின் திறனைச் சொல்லும் அளவு) டிரான்ஸ்பார்மர் ஒன்று தேவைப்படும். 63 கே.வி.ஏ.வில் ஆரம்பித்தால் முதல் 25 வீட்டுக்குக் குறையிருக்காது, அடுத்தடுத்து ஏ.சி. வந்ததும் மாலையில் வோல்டேஜ் படுத்துவிடும். டிரான்ஸ்பார்மர் ஒரு கோடியில் நின்றால் மறுகோடி வீடுகளுக்கும் அதே கதி, லேஅவுட்டின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

கம்பங்கள் இரண்டு மனையின் எல்லையில் நட வேண்டும். மனை நடுவில் நட்டால் நாளை உங்கள் கேட்டுக்கு முன்னால் நிற்கும், மாற்றக் கேட்பவர்தான் பணம் கட்ட வேண்டும். மனையருகே 11 கே.வி. லைன் போனால் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அந்த 1.2 மீட்டரில் பால்கனி கூட வராது.

தெருவிளக்கு பில்லை யார் கட்டுவது?

உள்ளாட்சி ரோட்டையும் விளக்கையும் ஏற்றுக்கொள்ளும் வரை புரமோட்டர், அதன் பிறகு உள்ளாட்சி. ஏற்றுக்கொண்டதற்கான கடிதமோ தீர்மானமோ கேட்டு வாங்கிச் சங்கத்தில் வையுங்கள்.

எங்களுடையது பழைய, ஒப்புதல் இல்லாத மனை. என்ன வழி?

2016 அக்டோபர் 20க்கு முன் விற்பனைப் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே 4 அன்று விதிகள் வந்தன. வரன்முறை ஆணை கிடைத்தால் பதிவும் கட்டட அனுமதியும் நடக்கும். ரோடும் வடிகாலும் தானாக வந்துவிடாது. வரன்முறையின்போது நீங்கள் கட்டிய வளர்ச்சிக் கட்டணத்தின் ரசீதுகளைத் தெரு முழுவதும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளாட்சியிடம் ரோடு கேளுங்கள். தனியாள் மனுவைவிட முப்பது ரசீதின் நகல் இணைத்த மனுவுக்குப் பதில் சீக்கிரம் வரும்.

வேலை முடியும்முன் விற்பதைத் தடுக்க வேறு மாநிலங்களில் என்ன செய்கிறார்கள்?

தெலங்கானாவில் விற்பனைப் பரப்பில் 15 சதவீத மனைகளை அதிகார அமைப்பின் பேரில் அடமானமாக எழுதி வைக்க வேண்டும். ரோடும் வடிகாலும் முடிந்து, பார்த்துச் சான்று கொடுத்த பிறகே அந்த மனைகள் விடுபடும். புரமோட்டரின் லாபம் அந்தக் கடைசி மனைகளில் இருப்பதால் வேலையை முடிக்க அவருக்கே அவசரம் இருக்கும். இந்த முறை தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. நல்ல புரமோட்டருக்கு இதனால் நட்டமில்லை.

விற்பனை ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

'அனைத்து அடிப்படை வசதிகளும் செய்து தரப்படும்' என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. இணைப்பாக ஒரு தாள் வையுங்கள். ரோட்டின் அகலம், தார்ப்பரப்பின் அகலம், ஒவ்வொரு அடுக்கின் கனம். வடிகாலின் உள்ளளவு, போய்ச் சேரும் இடம். தொட்டியின் லிட்டர், பிரதான குழாயின் விட்டம். டிரான்ஸ்பார்மரின் கே.வி.ஏ., கம்ப எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் முடிக்கும் தேதி. குடிநீர், சுகாதாரம், மின்சாரம் உட்பட வேலைகள் எந்தக் கட்டத்தில் எப்போது முடியும் என்று தெரிந்துகொள்வது ரெரா தந்திருக்கும் உரிமை. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. அதனால் அந்த 10 சதவீதத்தைக் கொடுக்கும் முன்பே இந்தத் தாளைக் கேளுங்கள். முழுப் பணமும் போன பிறகு கேட்டால் குரல் எடுபடாது.

வரைபடத்தில் பூங்காவையோ ரோட்டையோ இடம் மாற்றப் பார்த்தால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டு வந்தால் போடாதீர்கள்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டார், அல்லது போட்ட ரோடு பெயர்ந்துவிட்டது. எங்கே போவது?

மனையை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் வேலைத் தரத்திலோ வசதியிலோ குறை தெரிந்து எழுத்தில் சொன்னால், 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் சரிசெய்ய வேண்டியது புரமோட்டர் கடமை. முதலில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். போனில் பேசியதும் வாட்ஸ்அப் குழுவில் திட்டியதும் இந்த 30 நாளைத் தொடங்கி வைக்காது.

நடக்கவில்லையென்றால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் படிவம் எம் மூலம் புகார், இழப்பீடு மட்டும் கேட்பதானால் படிவம் என். சங்கமாகவும் போடலாம். விளம்பர நோட்டீஸில் நீச்சல்குளம் முதல் நடைபாதைவரை எது அச்சாகியிருந்தாலும் அதற்கும் அவர் பொறுப்பு, அதனால் நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

புகாரோடு வைக்க வேண்டியவை: ஒப்புதல் வரைபடம், ரெரா பதிவு எண், ஒப்பந்தமும் அதன் இணைப்பும், தபால் ரசீது, நோட்டீஸ், படங்கள். படம் எடுக்கும்போது குழிக்குள் டேப்பை நிறுத்தி எண் தெரியும்படி எடுங்கள். பக்கத்து மனையின் எண் கல்லும் அதே படத்தில் வரட்டும். தண்ணீர் தேங்கியதை மழை விட்ட மறுநாளும், மூன்றாம் நாளும் அதே இடத்தில் நின்று எடுங்கள். எத்தனை நாள் வடியாமல் நின்றது என்பதுதான் வடிகால் குறைக்குச் சாட்சி.